18,000 ரூபாய் பில்லில் பருப்பு எங்கே?

கேள்வி: எங்கள் வீட்டில் ஐந்து பேர். நான், கணவர், 68 வயது மாமியார், ஒன்பதாவது படிக்கும் மகன், ஐந்தாவது படிக்கும் மகள். கணவர் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். மாமியாருக்குப் பல வருடமாகச் சர்க்கரை. இப்போது கணவருக்கும் ‘பார்டர்ல இருக்கு’ என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து ஓட்ஸ், குதிரைவாலி, ஆலிவ் எண்ணெய் என்று வாங்க ஆரம்பித்தோம். சாப்பாட்டுச் செலவு மட்டும் மாதம் 18,000 ரூபாய் ஆகிவிட்டது. கணவர் 12,000-க்குள் முடிக்கச் சொல்கிறார். நல்லதாகவும் சாப்பிட வேண்டும், செலவும் குறைய வேண்டும் என்றால் எப்படி? போன மாத லிஸ்ட்டை இணைத்திருக்கிறேன். இன்னொரு சின்ன சந்தேகம்: அரிசி மூட்டை 25 கிலோவாக வந்துகொண்டிருந்ததே, இப்போது ஏன் 26 கிலோ?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

லிஸ்ட்டை அனுப்பியதற்கு முதலில் நன்றி. பலர் ‘செலவு தாங்கலை’ என்று மட்டும் எழுதுவார்கள், எதில் போகிறது என்று சொல்லமாட்டார்கள். உங்கள் கணக்கு இது: சூப்பர் மார்க்கெட் மளிகை 7,200, அரிசி மூட்டை 1,600, பால் தயிர் 2,700, காய் பழம் 2,800, சிக்கன் மீன் முட்டை 2,000, மாவு பாக்கெட்டும் ஆப்பில் வாங்கியதும் 1,700. கூட்டினால் சரியாக 18,000.

ரூபாயைக் கொஞ்ச நேரம் ஒதுக்கி வைத்துவிட்டு, கிலோவை மட்டும் பாருங்கள். வீட்டில் ஐந்து பேர், மாதத்துக்கு முப்பது நாள், ஆக 150. வாங்கிய எதையும் 150-ஆல் வகுத்தால் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு என்று வந்துவிடும்.

எண்ணெய் 7 லிட்டர். எடையில் ஏறக்குறைய 6.4 கிலோ. ஆளுக்கு 43 கிராம். சர்க்கரை 5 கிலோ, ஆளுக்கு 33 கிராம். துவரம் பருப்பு 3 கிலோ, உளுந்து 1 கிலோ, ஆக 4 கிலோ. ஆளுக்கு 27 கிராம்.

ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், பெரியவர் ஒருவருக்கான ஒரு நாள் தட்டு என்று ஓர் அளவு கொடுத்திருக்கிறார்கள். அதில் எண்ணெய் 27 கிராம், பருப்பு பயறு வகை 85 கிராம். உங்கள் வீட்டிலோ எண்ணெய் ஒன்றரை மடங்கு, பருப்பு மூன்றில் ஒரு பங்கு. சர்க்கரை 25 கிராமைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்பார்கள். பிஸ்கட்டிலும் பானப் பொடியிலும் ஒளிந்திருக்கும் சர்க்கரையும் அந்த 25-க்குள்தான் அடங்க வேண்டும்.

ஆக, பணம் போதாமல் உங்கள் வீட்டுச் சாப்பாடு கெடவில்லை. 18,000 ரூபாய் செலவழித்த பிறகும் தட்டில் பருப்பு விழவில்லை, அதுதான் பிரச்சினை. இதைச் சரி செய்தாலே பில் தானாக இறங்கும்.

பருப்பு என்றதும் துவரம் பருப்பு விலையை நினைத்துப் பயப்படாதீர்கள். ரேஷன் கார்டுக்கு மாதம் ஒரு கிலோ 30 ரூபாய்க்குக் கிடைக்கிறது, ‘எப்போதாவது’ வாங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். விடாமல் வாங்குங்கள். மற்றபடி கொள்ளு, தட்டைப்பயறு, பாசிப்பயறு, கொண்டைக்கடலை, மொச்சை இவற்றில் எது அந்த மாதம் மலிவோ அது. கொங்கு நாட்டில் இருந்துகொண்டு கொள்ளு இல்லாத மளிகை லிஸ்ட்டை அனுப்பியிருக்கிறீர்களே! மாமியாரிடம் கேளுங்கள். கொள்ளை வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்து ரசம் வைத்துவிட்டு, வெந்த கொள்ளைச் சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், வரமிளகாயோடு ஆட்டி எடுக்கும் பக்குவம் அவருக்குத் தெரியாமல் இருக்காது. ஒரு பிடி கொள்ளில் ரசமும் ஆச்சு, பிசைந்து சாப்பிடப் பருப்பும் ஆச்சு. அசைவம் சாப்பிடும் வீடு என்பதால் 85 கிராமை அப்படியே எட்ட வேண்டியதில்லை. மாதம் 4 கிலோவை 8 கிலோவாக்குங்கள், போதும். கூடுதல் செலவு 400, 500 ரூபாய்க்குள் அடங்கிவிடும்.

இந்த எட்டு கிலோவை வீட்டில் யாரும் முணுமுணுக்காமல் இறக்குவதற்கு அடையைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. இரண்டு டம்ளர் புழுங்கல் அரிசிக்கு, அரை டம்ளர் கடலைப் பருப்பு, அரை டம்ளர் துவரம் பருப்பு, அரை டம்ளர் பாசிப்பயறு. மூன்று மணி நேரம் ஊறினால் போதும். வரமிளகாய், சோம்பு, உப்பு போட்டுக் கொரகொரப்பாக அரைத்து, முருங்கைக்கீரையை உருவிப் போட்டு வார்த்துவிட வேண்டியதுதான். புளிக்கக் காத்திருக்க வேண்டாம். பையனுக்கு இரண்டு அடைக்கு மேல் இறங்காது, பாருங்கள். மூன்று தோசை சாப்பிட்டுவிட்டு ஒன்பது மணிக்கு மறுபடி டப்பாவைத் துழாவுகிற பழக்கமும் குறையும்.

அடுத்தது மாவு பாக்கெட். இந்த இடத்தில் ரேஷன் அரிசியைப் பற்றிப் பேச வேண்டும். ‘அதை நாங்கள் வாங்குவதில்லை’ என்று ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். சோறாக வடித்தால் பிடிக்காமல் இருக்கலாம், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இட்லிக்கும் அடைக்கும் ரேஷன் புழுங்கல் அரிசி அருமையாக வரும். தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் அதுதான் இட்லி அரிசி. நாலு டம்ளர் அரிசி, ஒரு டம்ளர் முழு உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். அரிசி இலவசம் என்பதால் உங்களுக்கு ஆகும் செலவு உளுந்துதான். அரிசியைக் கழுவும்போது சில மணிகள் மஞ்சளாக, தண்ணீரில் மிதக்கலாம். ‘பிளாஸ்டிக் அரிசி’ என்று பொறுக்கி எறிந்துவிடாதீர்கள். அது செறிவூட்டிய அரிசி. அரிசி மாவோடு இரும்புச் சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்து மணியாகச் செய்து, நூறு கிலோவுக்கு ஒரு கிலோ என்ற கணக்கில் கலந்திருப்பார்கள். நீங்கள் எறிவது சத்தைத்தான்.

ரேஷன் பாமாயில் பற்றியும் சொல்லிவிடுகிறேன். லிட்டர் 25 ரூபாய்தான். ஆனால் அதில் பாதிக்குப் பாதி நிறைவுற்ற கொழுப்பு, அதாவது இதயத்துக்கு ஆகாத வகை. சர்க்கரை நோய் உள்ள வீட்டில் அதைத் தினசரி எண்ணெயாக வைக்க வேண்டாம். எப்போதாவது பலகாரம் சுட என்றால் சரி. தினசரிச் சமையலுக்கு எந்த எண்ணெய் என்று அடித்துக்கொள்வதைவிட எவ்வளவு என்று பாருங்கள். மாதத்துக்கு நாலரை லிட்டர் உங்கள் வீட்டுக்குப் போதும். கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ சூரியகாந்தியோ, மாற்றி மாற்றி வாங்கலாம். ஆலிவ் எண்ணெய் தேவையில்லை. மாதத்தின் முதல் நாளே நாலரை லிட்டரைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, அது தீர்ந்தால் அந்த மாதம் அவ்வளவுதான் என்று வையுங்கள். கேனிலிருந்து நேராக வாணலியில் சாய்க்கிற கை தானாக ஸ்பூனுக்கு வந்துவிடும்.

இப்போது லிஸ்ட்டில் ‘ஆரோக்கியம்’ என்ற பெயரில் ஏறியவை. பிள்ளைகளுக்கு ஊட்டச்சத்துப் பானப் பொடி இரண்டு பாட்டில், 900 ரூபாய். 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம் ஆன்லைன் விற்பனைத் தளங்களிடம், இந்த மாதிரி பானங்களை ‘ஹெல்த் டிரிங்க்’ என்ற பிரிவில் வைக்காதீர்கள் என்று சொன்னது நினைவிருக்கிறதா? உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு பிரிவே கிடையாது. பாட்டிலைத் திருப்பி, சேர்மானப் பட்டியலைப் படியுங்கள். எது எடையில் அதிகமோ அதுதான் முதலில் எழுதப்பட்டிருக்கும். சர்க்கரை எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள். அதற்குப் பதில் கேழ்வரகு, கம்பு, பாசிப்பயறு, பொட்டுக்கடலை வறுத்து அரைத்த மாவில் கஞ்சி. கேழ்வரகு 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. அரிசியில் அது பெயருக்குத்தான்.

குதிரைவாலியும் தினையும் நல்லவைதான். ஆனால் பளபளவென்று தீட்டி, பாக்கெட் போட்டு, கேழ்வரகைவிட இரண்டு மூன்று மடங்கு விலைக்கு விற்பதை வாங்குவதில் என்ன இருக்கிறது? சிறுதானியம் என்றால் சர்க்கரை ஏறாது என்பதும் சரியில்லை. தினைச் சோற்றை மலையாகக் குவித்துச் சாப்பிட்டாலும் ஏறத்தான் செய்யும். தட்டில் அரிசியோ தினையோ ஒரு கரண்டி குறைந்து, அந்த இடத்தில் கூட்டோ பொரியலோ வந்தால்தான் பலன். ஓட்ஸ் மாமியாருக்குப் பிடித்திருந்தால் இருக்கட்டும், மசாலா கலந்தது மட்டும் வேண்டாம்.

பிஸ்கட், சிப்ஸ், நூடுல்ஸ் 1,500 ரூபாய். இதை ஒரேயடியாக நிறுத்தச் சொல்லமாட்டேன், நிறுத்தினால் பிள்ளைகள் வெளியே வாங்கிக்கொள்வார்கள். 500 ரூபாய்க்குக் கொண்டுவாருங்கள். பள்ளி விட்டு வரும் நாலரை மணிக்குச் சுண்டலோ வேகவைத்த கடலையோ தயாராக இருந்தால் பாதி சண்டை தீர்ந்தது. முதல் நாள் ராத்திரி பயறு ஊறப்போடுவது பையனின் வேலையாக இருக்கட்டும். ஒன்பதாவது படிக்கிறவன், இதுகூடத் தெரியாமல் வளரக் கூடாது.

காய் பழத்தில் கை வைக்காதீர்கள், முடிந்தால் இன்னும் ஒரு 300 ரூபாய் கூட்டுங்கள். ஆனால் வாங்கும் இடத்தை மாற்றுங்கள். திருப்பூரில் தெற்கிலும் வடக்கிலும் உழவர் சந்தை இருக்கிறது. விலைப் பலகை வைத்திருப்பார்கள், விடிகாலையில் போனால் கீரை தண்ணீர் சொட்டச் சொட்ட இருக்கும். சுரைக்காய், பீர்க்கங்காய், பூசணி, அவரை, கொத்தவரங்காய் என்று நாட்டுக்காய்களாக எடுத்தால் 400 ரூபாய்க்கு வாரக் காய் வந்துவிடும். பழத்தில் ஆப்பிளை விட்டுவிட்டுக் கொய்யாவுக்கு வாருங்கள். வைட்டமின் சி கணக்கில் ஆப்பிள் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. மாமியாருக்கும் அளவோடு கொடுக்கலாம். தக்காளி விலை ஏறும் மாதங்களில் தக்காளியோடு மல்லுக்கட்ட வேண்டாம். 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது, கூட்டுறவுக் கடைகளில் அரசு 60 ரூபாய்க்கு விற்க வேண்டியிருந்தது. அந்த நாட்களில் புளியையும் மாங்காயையும் போட்டுச் சமைத்தவர்கள் ஒன்றும் இழந்துவிடவில்லை.

முட்டையைக் கூட்டுங்கள், பிராய்லரை வாரம் அரை கிலோ குறையுங்கள். நாமக்கல் பக்கத்து ஊர்க்காரருக்கு முட்டை மலிவு என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரு முட்டையில் 6 கிராம் புரதம். மீனில் வஞ்சிரம் வேண்டாம், மத்திதான் விலைக்கும் உடம்புக்கும் நல்லது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடை, அப்போது விலை ஏறும். அந்த இரண்டு மாதம் மீனை மறந்துவிடலாம். பாலில், பெரியவர்களுக்கு 6 சதவிகிதக் கொழுப்புப் பால் தேவையில்லை, 3 சதவிகிதப் பாலிலும் புரதத்துக்குக் குறைவில்லை. தயிரை உறை ஊற்றிக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் செய்தால் 18,000 என்பது 14,500 பக்கம் வரும். 12,000 வராது. அதற்குமேல் இறக்க வேண்டுமானால் பாலிலும் முட்டையிலும் காயிலும்தான் வெட்ட வேண்டியிருக்கும், வளர்கிற பிள்ளைகள் உள்ள வீட்டில் அதை நான் சொல்லமாட்டேன். உங்கள் கணவரிடம் இந்தப் பக்கத்தைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். கூடவே, கம்பெனி வாசல் டீக்கடையில் சாயங்காலம் சாப்பிடுகிற போண்டா, பஜ்ஜிக் கணக்கு இந்த லிஸ்ட்டில் காணோமே என்றும் கேளுங்கள். சர்க்கரை ‘பார்டரில்’ இருப்பவருக்கு அந்தப் போண்டாவும் ஒரு கணக்குதான். மாவு அரைப்பது, பயறு ஊறப்போடுவது, விடிகாலையில் சந்தைக்கு ஓடுவது எல்லாம் உங்கள் தலையிலேயே விழுந்தால் இரண்டே மாதத்தில் மறுபடி மாவு பாக்கெட்டுக்குப் போய்விடுவீர்கள், அதற்காக உங்களைக் குறை சொல்லவும் முடியாது. உழவர் சந்தை அவர் பொறுப்பு. வேலைக்குப் போகும் முன் வாரம் ஒரு நாள் போய்வரட்டும்.

மாமியார் விஷயத்தில் ஒன்று மறக்காதீர்கள். மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்குச் சோற்றைத் திடீரென்று குறைத்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். சிறுநீரகத்தில் தொந்தரவு இருந்தால் பருப்பைக் கூட்டுவதும் ஆகாது. அவர் தட்டை மாற்றுவதற்கு முன் அவருடைய டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அப்புறம், அந்த 26 கிலோ மூட்டை. 2022 ஜூலை 18 முதல், பாக்கெட் செய்து லேபிள் ஒட்டிய அரிசிக்கு 25 கிலோ வரை 5 சதவிகிதம் ஜி.எஸ்.டி. வந்தது. அதற்கு மேல் எடையுள்ள மூட்டைக்கு வரி இல்லை. வியாபாரிகள் ஒரு கிலோவைக் கூட்டிக் கட்டிவிட்டார்கள், அவ்வளவுதான் ரகசியம். கடைக்குக் கடை விலையை ஒப்பிடும்போது மூட்டை விலையைக் கேட்காமல், கிலோ என்ன விலை விழுகிறது என்று வகுத்துப் பார்த்து வாங்குங்கள்.