காகிதங்கள் உங்கள் பையில் இருக்கட்டும்

அன்புத் தங்கைக்கு,

கணவர் பிரெஞ்சு இராணுவத்தில் இருப்பதாகவும், திருமலைராயன்பட்டினத்திலிருந்து இரண்டு பிள்ளைகளோடு தென் பிரான்சிலுள்ள ஃப்ரெஜுஸுக்கு வரப்போவதாகவும் எழுதி, கிரைண்டரையும் கம்பளியையும் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மின்சாரம் இங்கும் 230 வோல்ட்தான். கம்பளியை இங்கேயே வாங்கிக்கொள்ளலாம். நீங்கள் கேட்காத காகிதங்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

நாம் தலைப்பெழுத்தோடு நின்றுவிடுகிறவர்கள். இங்கே குடும்பப் பெயர் இல்லாமல் எந்தப் படிவமும் நகராது. பிறப்புச் சான்றில் தலைப்பெழுத்தும், பாஸ்போர்ட்டில் தந்தையின் முழுப்பெயரும், திருமணச் சான்றில் அதே பெயர் வேறு எழுத்துக்கூட்டலிலும் இருந்தால், மூன்றும் ஒரே பெண்தான் என்று நிரூபிப்பதற்குள் அலைந்து ஓய்ந்துவிடுவீர்கள். என் தந்தை பெயரில் ஓர் எழுத்து கூடிப்போனதால் என் திருமணப் பதிவு பதினான்கு மாதம் நின்றது. ஆகவே எல்லாவற்றையும் ஊரிலேயே ஒன்றுபோலத் திருத்தி, புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சுத் துணைத் தூதரகத்தில் திருமணத்தைப் பதிந்து, 'லிவ்ரே' எனப்படும் குடும்பப் பதிவேடு கைக்கு வந்த பிறகே பயணச்சீட்டு எடுங்கள். பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையையும் மறக்க வேண்டாம். 2018 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பல தடுப்பூசிகள் கட்டாயம், அவை இல்லாமல் பள்ளியில் சேர்ப்பது கடினம்.

இவை கணவரின் பெட்டியில் அல்ல, உங்கள் பையில் இருக்க வேண்டும். பிரெஞ்சுப் படைவீரரைத்தான் சொல்தா என்போம்; சொல்தா வீட்டில் சொல்தா இருப்பது குறைவு. நான் 1988 ஜனவரியில் வந்து இறங்கிய மூன்றாம் வாரமே என் கணவரை ஆப்பிரிக்காவிலுள்ள சாடு நாட்டுக்கு நான்கு மாதம் அனுப்பிவிட்டார்கள். வங்கிக் கணக்கும் வீட்டு ஒப்பந்தமும் அவர் பெயரில் இருந்தன. கைக்குழந்தைக்குக் காய்ச்சல் கண்ட இரவில், மருந்துக்கடையில் நெற்றியைத் தொட்டுக் காட்டத்தான் எனக்குத் தெரிந்தது. கணக்கில் உங்கள் பெயரையும் இப்போதே சேர்க்கச் சொல்லுங்கள்.

இருபது ஆண்டு இங்கே இருந்தும் மருத்துவரிடம் பேச மகளைத் துணைக்கு அழைத்துப்போகும் நம் பெண்கள் சிலர், மொழி தானாக வந்துவிடும் என்று உங்களுக்கு ஆறுதல் சொல்வார்கள். நம்பாதீர்கள். உங்கள் ஊரில் ஓய்வுபெற்ற சொல்தா ஒருவராவது இருப்பார்; தினம் ஒரு மணி நேரம் அந்தப் பெரியவரிடம் போய் உட்கார்ந்து பேசிப் பழகுங்கள்.

எனக்கு மொழி கற்றுத்தந்தவர் இந்தியப் பெருங்கடலிலுள்ள பிரெஞ்சுத் தீவான ரெயூனியோனைச் சேர்ந்த பக்கத்து வீட்டு அம்மாள்; அவர் கணவரும் சாடுக்குத்தான் போயிருந்தார். அந்த அம்மாளின் முன்னோர் 19-ஆம் நூற்றாண்டில் நம் காரைக்கால் துறையிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறியவர்கள். அவருக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது, ஆனால் வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கேற்றுவார். அந்தத் துறை எப்படி இருக்கும் என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டதால், நான் பிழையில்லாமல் பேசிய முதல் பிரெஞ்சு வாக்கியம், அரசலாறு கடலில் சேரும் இடத்தைப் பற்றியதாக இருந்தது.