கூடுதல் பேட்டரியும் பழைய பேப்பர் கடைத் தராசும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் சொன்ன தூரம் ஓடவில்லை, இன்னொரு பேட்டரி வாங்கி மாட்டலாமா? சுருக்கிப் போட்டிருக்கிறேன்.

கேள்வி: என்னுடையது 60 வோல்ட் லெட் ஆசிட் ஸ்கூட்டர், லைசென்ஸ் தேவைப்படாத வகை. கடையில் 60 கிலோமீட்டர் ஓடும் என்றார்கள். 35-லேயே படுத்துவிடுகிறது. மில்லுக்குப் போய்வர 44 கிலோமீட்டர். ஃபுட்போர்டில் இன்னொரு செட் வைக்கலாமா? (திருப்பூர் வாசகர்)

பதில்: ஒரு செட் என்பது ஐந்து பேட்டரி. ஒவ்வொன்றும் ஒன்பது, பத்து கிலோ இருக்கும். அதாவது ஒரு சிமெண்ட் மூட்டையைக் காலடியில் போட்டுக்கொண்டு, 250 வாட் மோட்டாரை மேம்பாலம் ஏறச் சொல்கிறீர்கள். ஏறும். அதற்கே பாதி சார்ஜ் போய்விடும்.

போகும்போது 22 கிலோமீட்டர்தானே? மில்லில் ஒரு பிளக் பாயிண்ட் கேளுங்கள். ஷிஃப்ட் முடிவதற்குள் வேண்டிய அளவு ஏறிவிடும். காலியான பேட்டரியை முழுதாக ஏற்றினாலே சுமார் இரண்டு, இரண்டரை யூனிட்தான். அந்தக் காசை நீங்களே கொடுத்துவிடுவதாகச் சொல்லிக் கேட்டால் எந்த மேனேஜரும் முகம் சுளிக்க மாட்டார். இன்னொன்று, லெட் ஆசிட் பேட்டரியைத் தினமும் அடிமட்டம் வரை காலி செய்தால் ஒரு வருஷம் தாண்டுவதே பெரிய பாடு. நடுவில் ஒருமுறை சார்ஜ் போட்டால் அதன் ஆயுளும் கூடும்.

கேள்வி: இரண்டும் 60 வோல்ட் லித்தியம் பேட்டரிதான். சிவப்பை சிவப்போடும் கறுப்பைக் கறுப்போடும் சேர்த்துவிட்டால் போதும் என்கிறார் மெக்கானிக். சரியா? (சேலம்)

பதில்: தவறு. ஸ்டிக்கரில் 60 என்று போட்டிருப்பது பெயர் மாதிரி. 16 செல் வரிசை கொண்ட சாதாரண லித்தியம் பேக் முழு சார்ஜில் 67 வோல்ட் காட்டும், தீரும் நேரத்தில் 52-க்கு வந்துவிடும். நிறைந்த ஒன்றையும் தீர்ந்த ஒன்றையும் நேரடியாகச் சேர்த்தால் நடுவில் 15 வோல்ட் வித்தியாசம். இரண்டு பேக்கின் உள்தடையும் வயரும் சேர்ந்து 0.2 ஓம் என்று வைத்துக்கொண்டாலும் 75 ஆம்பியர் பாயும். உங்கள் வீட்டு ஏசி இழுப்பது ஏழெட்டு. பிஎம்எஸ் (பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட்) தடுத்துவிடும் என்பார் மெக்கானிக். நல்ல பிஎம்எஸ் தடுக்கும். மலிவானதை நம்பி வண்டியின் மேல் உட்காராதீர்கள்.

இரண்டு பேட்டரி வேண்டுமென்றால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் போட்டு, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் ஓட்டுங்கள். வண்டியை ஓரங்கட்டி, எம்சிபியை (பேட்டரி இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்சை) அணைத்துவிட்டு மாற்ற வேண்டும். ஓடும்போது அல்ல.

கேள்வி: கூடுதல் பேட்டரியைக் கட்டிலுக்கு அடியில் வைத்து ராத்திரி முழுக்க சார்ஜ் போடுகிறேன். பரவாயில்லையா?

பதில்: 2022 மார்ச்சில் வேலூரில் இரவு வீட்டில் சார்ஜில் இருந்த வண்டி தீப்பிடித்து அப்பாவும் மகளும் இறந்தார்கள். இன்று ராத்திரியே வெளியே எடுத்து வையுங்கள்.

கேள்வி: 60 வோல்ட், 40 ஏஎச் லித்தியம் பேக் ஒன்று பாதி விலைக்கு வருகிறது. ஏஎச் எவ்வளவு அதிகமோ அவ்வளவு தூரம் போகும்தானே? (மதுரை)

பதில்: கொஞ்சம் உட்காருங்கள். இதைப் பற்றிப் பேச எனக்கு நிறைய இருக்கிறது.

ஏஎச் (ஆம்பியர்-அவர்) மட்டும் பார்த்து பேட்டரி வாங்குவது, பாட்டிலின் உயரம் பார்த்து எண்ணெய் வாங்குவது மாதிரி. வோல்ட்டையும் ஏஎச்சையும் பெருக்குங்கள். 60 × 40 = 2400 வாட்-அவர். பேட்டரியில் இருக்கும் மொத்த மின்சாரம் அதுதான். ஒரு சாதாரண ஸ்கூட்டர் கிலோமீட்டருக்கு 25 முதல் 30 வாட்-அவர் தின்னும். ஆக, நிஜமாகவே 2400 இருந்தால் 80 கிலோமீட்டருக்கு மேல் போகலாம். ‘நிஜமாகவே’ என்பதில்தான் சிக்கல். ஸ்டிக்கரில் எந்த எண்ணையும் அச்சடிக்கலாம். 18650 என்கிற அந்த விரல் பருமன் செல்லில், பரவலாகக் கிடைப்பவற்றில் நல்லதே 3500 எம்ஏஎச் (மூன்றரை ஏஎச்) அளவுதான். கடையில் 9900 என்று அச்சடித்த செல்லை நானே கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன்.

எடை மட்டும் பொய் சொல்லாது. 2400 வாட்-அவர் பேக் என்றால், சாதாரண லித்தியம் வகையில் 13 கிலோவிலிருந்து 16 கிலோ வரை இருக்க வேண்டும். எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை என்றால் இன்னும் நாலைந்து கிலோ கூடும். கடைக்காரர் கொடுக்கும் பெட்டியை ஒற்றைக் கையில் தூக்கி ஆட்ட முடிந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

இது எப்படித் தெரியும் என்றால், நானே ஏமாந்தவன். சில வருஷங்களுக்கு முன் ‘48 வோல்ட், 24 ஏஎச்’ என்று நீல உறை போட்ட பேக் ஒன்றை வாங்கினேன். முதல் நாளே பாதி வழியில் இறங்கித் தள்ளினேன். தெருமுனை பழைய பேப்பர் கடைத் தராசில் வைத்தால் 3 கிலோ 600 கிராம். கடைப் பையன் “அண்ணே, இது உள்ள காத்தா?” என்று கேட்டான். வீட்டுக்கு வந்து உறையைக் கிழித்தேன். உள்ளே 52 செல். ஒவ்வொரு செல்லிலும் பச்சை உறைக்கு மேல் நீல உறை சுற்றியிருந்தது. முனைகளில் பழைய பற்றவைப்பைப் பிய்த்த வடுக்கள். எல்லாம் செத்த லேப்டாப்களிலிருந்து உருவியவை. அவை புதுசாக இருந்த காலத்திலேயே மொத்தம் 10 ஏஎச் தேறியிருக்கும். 24 வேண்டுமென்றால் அந்த மாதிரி செல் 120-க்கு மேல் தேவை. பில்? இல்லை. வாங்கவில்லை. ஆயிரம் ரூபாய் குறைத்தார்கள் என்று பல்லைக் காட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஏஐஎஸ் 156 என்ற பேட்டரிப் பாதுகாப்புத் தரத்தை 2022 டிசம்பர், 2023 மார்ச் என இரண்டு கட்டமாகக் கடுமையாக்கினார்கள். அதன்படி சோதித்த சான்று இருக்கிறதா, சான்றிலுள்ள மாடல் எண்ணும் பெட்டியிலுள்ள எண்ணும் ஒன்றா என்று கேளுங்கள். ‘எதுக்கு சார் அதெல்லாம்’ என்று பதில் வந்தால், பாதி விலைக்கு ஏன் வருகிறது என்பது புரிந்துவிடும்.

கேள்வி: தையல் கடை வைத்திருக்கிறேன். டெலிவரிக்காக 28,000 ரூபாய் கொடுத்துக் கூடுதல் பேட்டரி வாங்கினேன். நாலே மாதத்தில் உப்பிவிட்டது. ‘வேற சார்ஜர் போட்டீங்க, வாரண்டி கிடையாது’ என்கிறார்கள். அந்த சார்ஜரைக் கொடுத்ததே அவர்கள்தான். கையில் இருப்பது எஸ்டிமேட் சீட்டு மட்டும். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று அதில் அச்சிட்டிருக்கிறது. (தேனி வாசகி)

பதில்: அம்மா, முதலில் அந்தப் பேட்டரியை சார்ஜ் போடாமல், வீட்டுக்கு வெளியே, எரியக்கூடிய எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில் வையுங்கள். அதற்கு முன் உப்பிய பக்கம், சீரியல் எண், சார்ஜரின் ஸ்டிக்கர் மூன்றையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். சார்ஜரில் என்ன வோல்ட் போட்டிருக்கிறது என்று பாருங்கள். 60 வோல்ட் லெட் ஆசிட் சார்ஜர் 73 வோல்ட் வரை ஏற்றும். 67-ல் நிற்க வேண்டிய லித்தியம் பேக்குக்கு அதைக் கொடுத்திருந்தால் தவறு யாருடையது என்று அந்த ஸ்டிக்கரே சொல்லிவிடும்.

பில் இல்லையே என்று பயப்பட வேண்டாம். 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில் கொடுக்காததே நியாயமற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன காலத்துக்குள், அது இல்லையென்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படித்தான். அந்த அச்சடித்த வரியைச் சட்டம் மதிக்காது. யுபிஐயில் பணம் போன பதிவு, வாட்ஸப்பில் அவர்கள் அனுப்பிய செய்தி, எஸ்டிமேட் சீட்டு எல்லாமே சாட்சிதான்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்து புகாரைப் பதியுங்கள். கடைக்கு ஸ்பீடு போஸ்ட்டில் 15 நாள் கெடு கொடுத்து ஒரு கடிதம் போடுங்கள். காரியம் நகர்ந்தால் சரி. இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தாக வேண்டும் என்பதும் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். நீங்கள் நாலு மாதத்திலேயே எழுதிவிட்டீர்கள், நல்லது. பேட்டரியை ‘ரிப்பேர் பண்ணித் தர்றோம்’ என்று கேட்டால், பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்காமல் கொடுக்காதீர்கள்.

கேள்வி: ரிஜிஸ்டர் செய்த வண்டி. சீட்டுக்கு அடியில் பிளேட்டை அறுத்து, இரண்டாவது பேக் வைத்து, கன்ட்ரோலரையும் மாற்றினேன். இப்போது இன்சூரன்ஸ் கிளெய்ம் தர மாட்டேன் என்கிறார்கள். கம்பெனியும் சர்வீஸ் செய்ய மறுக்கிறது. யார் மேல் வழக்கு போடலாம்?

பதில்: தம்பி, அறுத்தது யார்? மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவைப் படித்துப் பாருங்கள். தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. தேனி அம்மாவுக்கு ஒரு பக்கம் எழுதினேன், உங்களுக்கு இவ்வளவுதான்.

கேள்வி: புது வண்டி வாங்கப் போகிறேன். ஒற்றை பேட்டரி மாடல் எடுத்துவிட்டு, பிறகு இன்னொன்று வாங்கிக்கொள்ளலாமா? (கோவை)

பதில்: தேவை உறுதி என்றால் முதலிலேயே கூடுதல் பேட்டரித் திறனுள்ள மாடலை எடுங்கள். வண்டிக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், தனியாக வாங்கும் பேட்டரிக்கு 18. ஹீரோவின் விடா வி1 ப்ரோ மாதிரி கழற்றக்கூடிய இரண்டு பேட்டரியோடு கம்பெனியிலிருந்தே வந்த வண்டிகளில், இரண்டையும் சேர்த்து ஓட்டும் வேலையை வண்டியே பார்த்துக்கொள்ளும். வெளி பேக் எதையும் அதில் செருக நினைக்காதீர்கள்.

கேள்வி: ஐந்து லெட் ஆசிட் பேட்டரியில் ஒன்று மட்டும் போய்விட்டது. அதை மட்டும் மாற்றினால் போதுமா?

பதில்: மற்ற நாலும் எத்தனை மாதம்? ஆறுக்குள் என்றால் அதே மாடலில் ஒன்று போடுங்கள். அதற்கு மேல் என்றால் செட்டையே மாற்றுங்கள். பழசைச் சும்மா கொடுத்துவிடாதீர்கள், ஈயத்துக்கு நல்ல விலை உண்டு. எடை போடும்போது பக்கத்திலேயே நில்லுங்கள்.