முன்பற்களுக்கு நடுவே புது இடைவெளி: வீடியோ இருக்கட்டும், ஈறுகளைக் காட்டுங்கள்

கேள்வி: எனக்கு வயது 42. மேல் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே இரண்டு வருடமாக இடைவெளி விழுந்திருக்கிறது. கிளினிக்கில் வாயை ஸ்கேன் செய்து, அலைனர் (பல்லை நகர்த்தும், கழற்றி மாட்டும் பிளாஸ்டிக் உறை) போட்டால் 8 மாதத்தில் பற்கள் எப்படிச் சேரும் என்று கம்ப்யூட்டரில் வீடியோ காட்டினார்கள். எக்ஸ்ரே எடுக்கவில்லை, அது நல்லதுதானே? கீழ்ப்பற்களை இடையில் தேய்த்து இடம் உண்டாக்க வேண்டுமாம், சொத்தை வராதா? பல் துலக்கும்போது ரத்தம் வந்தால் மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வேன். யூடியூப் பார்த்து இரண்டு இரவு ரப்பர் பேண்டும் போட்டேன். அலைனர் போட்டுப் பல் ஆடி விழுந்ததாக இன்டர்நெட்டில் படித்ததிலிருந்து தூக்கமில்லை. வீடியோவில் வருவது போலவே வருமா?

பதில்: பல் விழுந்துவிடுமோ என்பதுதான் உங்கள் பயம். இப்படியே விட்டால், அலைனர் போடாவிட்டாலும் விழலாம்.

இத்தனை வருடம் ஒட்டி நின்ற முன்பற்கள் 40 வயதில் விலகுகின்றன, பிரஷில் ரத்தமும் தெரிகிறது என்றால், பற்களைப் பிடித்திருக்கும் எலும்பு கரைகிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். ஈறு நோயில் எலும்பு இறங்கிவிட்டால், நாக்கு தள்ளுவதையும் கீழ்ப்பல் இடிப்பதையும் பல் தாங்காது. விசிறி மாதிரி விரிந்து முன்னால் வரும். பெரும்பாலும் வலி இருக்காது. வலித்திருந்தால் நீங்கள் எப்போதோ வந்திருப்பீர்கள்.

அந்த வீடியோவுக்கு இது தெரியாது. வாய்க்குள் விடும் ஸ்கேனர், ஈறுக்கு வெளியே இருப்பதை மட்டும்தான் பார்க்கும். திரையில் வேர்களும் தெரிந்தனவா? சிபிசிடி என்ற முப்பரிமாண எக்ஸ்ரே ஸ்கேன் எடுத்துச் சேர்க்காத வரை அவை உங்கள் வேர்கள் இல்லை, மென்பொருள் தன் கையிருப்பிலிருந்து பொருத்திய பொதுவான வேர்கள். எலும்பு பாதி கரைந்த வாய்க்கும் இதே வீடியோ இதே அழகோடு ஓடும். வீங்கிய ஈறுகளோடு பல்லை நகர்த்தினால் எலும்பு இன்னும் வேகமாகக் கரையும். நீங்கள் படித்த கதைகளில் சில இப்படித்தான் நடந்திருக்கும்.

மென்பொருளைக் குறை சொல்லவில்லை. நான் படித்த காலத்தில் பிளாஸ்டர் மாடலில் பல்லை ரம்பத்தால் அறுத்து, மெழுகில் நட்டு நட்டுப் பார்ப்போம். ஒரு வாய்க்கு அரை நாள் போய்விடும். இப்போது அதே வேலையை மவுஸால் செய்கிறேன். ஒவ்வொரு அலைனரும் பல்லைச் சுமார் கால் மில்லிமீட்டர் நகர்த்த வேண்டும் என்று அது கணக்குப் போடுகிறது. பல் அந்தக் கணக்குக்கு முழுசாக அடங்குவதில்லை. இன்விசலைன் என்ற அலைனர் பற்றிய 2009 ஆய்வில், திட்டமிட்ட அசைவில் சராசரியாக 41 சதவீதம்தான் நிறைவேறியிருந்தது. 2020-இல் அதே கேள்வியை மறுபடி ஆராய்ந்தபோது 50 சதவீதம். கோரைப்பல்லைத் திருப்புவது எப்போதுமே மல்லுக்கட்டுதான். அதனால் நடுவில் மறுபடி ஸ்கேன் எடுத்துப் புது அலைனர் செய்வது வழக்கம், பயப்பட வேண்டாம்.

மற்றவை. எக்ஸ்ரே எடுக்காதது நல்லதே அல்ல, பெரிய குறை. முழு வாய் எக்ஸ்ரேயின் கதிர்வீச்சு, இயற்கையாகவே நம் மேல் சில நாட்களில் படுகிற அளவுதான். கீழ்ப்பல் தேய்ப்பது இரு பற்களுக்கு நடுவே அரை மில்லிமீட்டருக்குள் இருந்து, பிறகு வழவழப்பாக்கிவிட்டால் சொத்தை வராது, விடுங்கள்.

ரப்பர் பேண்டை இனிமேல் தொடாதீர்கள். வேர் நுனியை நோக்கிப் போகப் போகக் குறுகுவதால் பேண்ட் நழுவி ஈறுக்குள் ஏறிவிடும். அங்கே யார் கண்ணுக்கும் படாமல் எலும்பை அரித்து, நல்ல பல்லையே விழ வைக்கும். அந்த யூடியூப்காரர் அப்போது வந்து நிற்க மாட்டார். மாத்திரையும் அப்படித்தான். நாலு நாள் ரத்தம் நிற்கும், வேரில் ஒட்டி இறுகிய அழுக்கான காரை அப்படியே இருக்கும்.

இந்த வாரமே ஈறு சிகிச்சை நிபுணரிடம் போங்கள். மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியை ஈறு ஓரமாக விட்டு, ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஆறு இடத்தில் ஆழம் அளப்பார். 3 வரை சரி. 5, 6 என்று கேட்டால் உள்ளே நோய் இருக்கிறது. எக்ஸ்ரேயோடு எச்பிஏ1சி என்ற சர்க்கரை ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கு ஈறு நோய் வேகம் பிடிக்கும். ஈறுக்குள் ஆழமாகச் சுத்தம் செய்து, இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி அளப்பார்கள். ரத்தக் கசிவு நின்று, ஆழமும் குறைந்திருந்தால் தாராளமாக அலைனர் போடலாம். எலும்பு கொஞ்சம் குறைந்த பல்லையும் மெல்லிய விசையில் நகர்த்த முடியும். முடிந்தபின் பல்லுக்குப் பின்னால் ஒட்டும் சின்னக் கம்பியைக் கழற்றாமல் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

முன்பணம் கட்டிவிட்டீர்களா என்று எழுதவில்லை. கட்டியிருந்தால், அலைனர் செய்வதை நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். வீக்கம் வடிந்தபின் ஈறும் பல்லும் இப்போது இருக்கிற மாதிரி இருக்காது. பழைய ஸ்கேன் பொருந்தாது, புதிதாக எடுக்க வேண்டும்.