சம்பளம் போதும், பிறகு எதற்கு இன்னொரு வேலை?

கேள்வி: சென்னையில் ஒரு பெரிய மென்பொருள் நிறுவனத்தில் ஒன்பது ஆண்டுகளாக வேலை செய்கிறேன். கடன் இல்லை, சம்பளத்திலும் குறையில்லை. ஆனாலும் வார இறுதியில் ஒரு சிறிய நிறுவனத்துக்கு நிரல் எழுதித்தர ஆசை. “இன்னும் என்ன பணத்தாசை?” என்கிறார் மனைவி. செய்யலாமா?

பதில்: இது பணத்தாசை என்று எனக்குத் தோன்றவில்லை. பெரிய நிறுவனங்களில் உங்கள் அனுபவம் உள்ள பலருக்கு வாய்ப்பது, யாரோ எப்போதோ எழுதிய நிரலில் பிழை திருத்துவதும், கூட்டங்களில் உட்கார்ந்திருப்பதும்தான். என்ன செய்வது என்று முடிவெடுப்பவர் வேறொருவர். அதைப் பயன்படுத்துபவரின் முகத்தை நீங்கள் பார்ப்பதே இல்லை. ஐந்து பேர் நடத்தும் நிறுவனத்திலோ சனிக்கிழமை எழுதியது திங்கட்கிழமை ஒரு கடைக்காரரின் கைப்பேசியில் ஓடும். சரியில்லை என்றால் அவரே திட்டுவார். அந்தத் திட்டுக்குத்தான் ஏங்குகிறீர்கள்!

ஆப்பிளை நிறுவியவர்களில் ஒருவரான ஸ்டீவ் வோஸ்னியாக், எச்பி நிறுவனத்தில் ஊழியராகக் கால்குலேட்டர் வடிவமைத்துக்கொண்டே ஆப்பிள் 1 கணினியை உருவாக்கினார். அதை ஒளித்து வைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். முதலில் எச்பியிடமே காட்டினார். அவர்கள் வேண்டாம் என்ற பிறகுதான் அது ஆப்பிளின் சரக்கானது.

ஆட்குறைப்புப் பயத்தால் இரண்டாவது வேலை தேடுபவர்களும் உண்டு. அவர்களுக்கு நான் இதைப் பரிந்துரைப்பதில்லை. தெரிந்த வேலையையே இன்னொரு இடத்தில் செய்தால் தூக்கம்தான் குறையும்; புதிதாக எதுவும் கைவராது.

உங்களுக்கு என் பதில்: செய்யலாம், எழுத்துபூர்வ அனுமதியோடு. போட்டி நிறுவனங்களுக்கு வேலை செய்ததாக விப்ரோ 300 பேரை நீக்கியது 2022 செப்டம்பரில் தெரியவந்தது. அடுத்த மாதமே இன்ஃபோசிஸ், முன் அனுமதி பெற்று, நிறுவனத்தோடும் வாடிக்கையாளரோடும் மோதாத வெளிவேலைகளைச் செய்யலாம் என்றது. ரகசியமாகச் செய்தால் தெரியாது என்று நம்பாதீர்கள். அங்கேயும் ஊழியராகச் சேர்ந்தால் உங்கள் வைப்புநிதி அடையாள எண்ணான ஒரே யுஏஎன்-இல் இரண்டு வைப்புநிதிக் கணக்குகள் தெரியும்.

அனுமதி கேட்கும் முன் பணி ஒப்பந்தத்தில் அறிவுசார் சொத்துரிமைப் பிரிவைப் படியுங்கள். ஓய்வு நேரத்தில் எழுதியதும் நிறுவனத்துக்கே சொந்தம் என்று சில ஒப்பந்தங்கள் சொல்கின்றன. அப்படி இருந்தால் அனுமதிக் கடிதத்திலேயே விலக்கு கேளுங்கள். அலுவலக மடிக்கணினியை இந்த வேலைக்குத் திறக்கவே வேண்டாம். எந்த வார இறுதி வீட்டுக்கு என்பதை மட்டும் மனைவி முடிவு செய்யட்டும்.