சோப்புக் கரைசலின் பரப்பு இழுவிசை: சில கேள்விகள்

கேள்வி: சோப்பே கலக்காத வாலைவடிநீருக்கே பரப்பு இழுவிசை (பரப்பு தன்னைச் சுருக்கிக்கொள்ள இழுக்கும் விசை) 68 வருகிறது. கருவி பழுதா?

பதில்: கருவியைத் திட்டுவதற்கு முன் கிண்ணத்தைப் பாருங்கள். சுத்தமான தண்ணீர் 25 டிகிரி செல்சியஸில் மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன் காட்ட வேண்டும். சூட்டினால்தான் 68 வந்தது என்றால் தண்ணீர் 50 டிகிரியில் இருந்திருக்க வேண்டும். அப்படி இல்லையே! ஆக, அழுக்குதான். விரல் பிசுக்கு, போன தடவை ஊற்றிய சோப்பின் மிச்சம், இப்படி ஏதாவது ஒன்று. அந்தத் தண்ணீரைக் குப்பியில் பாதி ஊற்றிக் குலுக்குங்கள். குமிழிகள் உடனே உடைய வேண்டும். ஓரத்தில் வளையமாக ஒட்டிக்கொண்டு நின்றால் கழுவியது போதவில்லை. அளக்கும்போது தண்ணீரைத் தொடும் பிளாட்டினத் தகட்டைக் கழுவி, சுடரில் சிவக்கக் காட்டி, ஆறிய பிறகு தொங்கவிடுங்கள்.

கேள்வி: அளப்பதற்கு வளையமா, தகடா?

பதில்: தகடு. வளையம் பரப்பை மேலே இழுத்து விரிக்கும், அதற்குத் திருத்தக் காரணி வேறு போட வேண்டும். தகடு அசையாமல் நிற்கும்; பரப்பில் மூலக்கூறுகள் வந்து சேரும் வரை காத்திருந்து அளக்கலாம். நேர்மின்னூட்டம் உள்ள சர்ஃபாக்டன்ட் (சோப்பைப் போலப் பரப்பில் சேர்ந்து இழுவிசையைக் குறைக்கும் பொருள்) என்றால் மட்டும் கவனம். அது பிளாட்டினத்தில் ஒட்டிக்கொண்டு தகடு சரியாக நனையாமல் செய்துவிடும், அளவு குறைவாக வரும். அதற்குத் தொங்கு துளி முறைக்கு (தொங்கும் துளியின் வடிவத்திலிருந்து கணக்கிடுவது) போய்விடுங்கள்.

கேள்வி: சோடியம் டோடெசில் சல்பேட் என்ற சர்ஃபாக்டன்ட்டுக்குச் செறிவு ஏற ஏற இழுவிசை எப்படி மாறுகிறது என்று வரைபடம் போட்டேன். கோடு இறங்கி, 8 மில்லிமோலார் பக்கத்தில் ஒரு பள்ளம் விழுந்து, மறுபடி ஏறுகிறது. ஏன்?

பதில்: பள்ளத்தைத் தோண்டியது உங்கள் சர்ஃபாக்டன்ட் அல்ல, அதோடு வந்த டோடெக்கனால் என்ற ஆல்கஹால். உங்கள் சர்ஃபாக்டன்ட் தண்ணீரில் மெல்லச் சிதைந்து அதைத் தானே உண்டாக்கிக்கொள்ளும், அதனால் பழைய கரைசலில் பள்ளம் இன்னும் ஆழமாகும். டோடெக்கனாலுக்குத் தண்ணீரைக் கண்டால் ஆகாது. துளியளவு இருந்தாலும் பரப்புக்கு ஓடிவந்து, சர்ஃபாக்டன்ட் தனியாக இறக்குவதைவிடக் கீழே இழுத்துவிடும். செறிவு ஏறி மைசெல்கள் (சர்ஃபாக்டன்ட் மூலக்கூறுகள் கூடிய சிறு திரள்கள்) உருவானதும் அவற்றின் எண்ணெய்த்தன்மையுள்ள வயிற்றுக்குள் போய் ஒளிந்துகொள்ளும். பரப்பு காலியாகிறது, கோடு ஏறுகிறது. எத்தனாலில் கரைத்து, திரும்பத் திரும்பப் படிகமாக்கிச் சுத்தம் செய்தால், 8.2 மில்லிமோலாருக்குப் பக்கத்தில் கோடு முறிந்து ஏறக்குறைய மட்டமாக ஓடும். அந்த முறிவுதான் நீங்கள் தேடும் மைசெல் தொடக்கச் செறிவு. பள்ளத்தின் அடியைக் குறித்துக்கொண்டு அதுதான் என்று எழுதியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு காலத்தில் நானும் எழுதியவன்தான்.

அப்புறம், கரைசலில் உப்பு இருக்கிறதா என்று பாருங்கள். 0.1 மோலார் சோடியம் குளோரைடு இருந்தால் இந்த முறிவு ஏறக்குறைய 1.5 மில்லிமோலாருக்கு இறங்கிவிடும்.

கேள்வி: கருவியே இல்லாமல் அளக்க வழி உண்டா?

பதில்: உண்டு, துளி எண்ணுவது. ஒரே குழாய், ஒரே கனஅளவு. தண்ணீர் 50 துளியாக விழுந்து, சோப்புக் கரைசல் 90 துளியாக விழுந்தால் 72-ஐ 50-ஆல் பெருக்கி 90-ஆல் வகுங்கள்: 40. நீர்த்த கரைசலின் அடர்த்தி தண்ணீரைப் போலவே இருப்பதால் அதைக் கணக்கில் விட்டுவிடலாம். ஆனால் அவசரம் கூடாது. ஒவ்வொரு துளியும் புதுப் பரப்பு. வேகமாக விழவிட்டால் சோப்பு வந்து சேர்வதற்குள் துளி போய்விடும், விடை தண்ணீர்ப் பக்கமே சாயும். குழாய் நுனியில் துளி சிறிது நேரம் தொங்கித் தயங்கி விழுகிற அளவுக்கு மெதுவாக விடுங்கள்.