பாட்டு போட்டால் ஏன் எல்லாரும் கத்துகிறார்கள்?

கேள்வி: வீட்டுக்கு நாலு பேர் வந்தால் மெதுவாகப் பாட்டு போட்டுவைப்பேன். கொஞ்ச நேரத்தில் எல்லாரும் கத்திப் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். நிறுத்தினால் பேச்சும் நின்றுபோகிறது. என்னதான் செய்வது?

பதில்: பாட்டு இருக்கட்டும், அளவைக் குறையுங்கள். சுற்றிலும் சத்தம் கூடினால் நம்மை அறியாமலே குரல் உயரும்; எத்தியென் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் இதை 1911-லேயே எழுதிவைத்தார், அதனால்தான் இதற்கு லொம்பார்ட் விளைவு என்று பெயர். ஒருவர் குரலை உயர்த்த, பக்கத்தில் இருப்பவர் அதைவிட உயர்த்த, பாட்டே கேட்கவில்லையே என்று நீங்கள் போய் வால்யூமைக் கூட்ட, அப்புறம் யார் என்ன சொன்னார் என்று யாருக்கும் தெரியாது. கூட்டம் சேரச் சேர பாட்டைக் குறைக்க வேண்டும், நாம் செய்வது நேர்மாறாக. சாதாரணப் பேச்சு ஒரு மீட்டர் தூரத்தில் சுமார் 60 டெசிபல். பாட்டு அதற்கு நன்றாகக் கீழே இருக்கட்டும்.

முதலில் இரண்டு மூன்று பேர் மட்டும் வந்து என்ன பேசுவதென்று தெரியாமல் உட்கார்ந்திருக்கும்போது பாட்டு பெரிய உதவி, அதை மறுக்கமாட்டேன். பக்கத்துப் பேச்சு காதில் விழாமலும் அது மறைக்கும். ஆனால் வரிகள் உள்ள பாட்டு வேண்டாம், அதுவும் எல்லாருக்கும் புரிகிற மொழியில் வேண்டவே வேண்டாம். எதிரில் இருப்பவர் பேசும்போதே மனம் பாட்டு வரிக்குப் போய்விடும். வாத்திய இசை போதும். ஸ்பீக்கர் சோபா பக்கத்தில் இருந்தால் தள்ளி வையுங்கள். திரைச்சீலை, தரைவிரிப்பு இல்லாத அறை என்றால் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வந்து எல்லாவற்றையும் குழப்பும்.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அறையில் வயதானவர் யாராவது சும்மா சிரித்துக்கொண்டு தலையாட்டிக்கொண்டிருக்கிறாரா என்று பாருங்கள். வயதாகும்போது பெரும்பாலும் உயர்ந்த சுருதி ஒலிகள்தான் முதலில் மங்கும். ச, த மாதிரி மெய்யெழுத்துகள் நழுவிப்போய், சட்டையா கட்டையா என்று ஊகிக்க வேண்டியிருக்கும். அதன்மேல் பாட்டும் சேர்ந்தால் அவரால் பேச்சைத் தொடர முடியாது, கேட்கவில்லை என்று சொல்லவும் கூச்சப்படுவார். காதுக் கருவி போட்டிருந்தாலும் சிக்கல்தான், அது பாட்டையும் சேர்த்தே பெரிதாக்கும். அவரை ஸ்பீக்கரிலிருந்து தள்ளி, எல்லார் முகமும் தெரிகிற இடத்தில் உட்கார வையுங்கள். அப்படியும் அவர் தலையை மட்டும் ஆட்டினால் பாட்டை நிறுத்திவிடுங்கள், மற்றவர்கள் இரண்டு நிமிஷத்தில் பழகிக்கொள்வார்கள்.