தொழிற்பிரிவா என்று தயங்கும் அம்மாபேட்டை அக்காவுக்கு

பத்தாவது முடித்த மகன் பதினொன்றில் கட்டடப் பொறியியல் தொழிற்பிரிவு கேட்கிறான், சொந்தக்காரர்கள் ‘மார்க் வராதவன் எடுக்கிறது’ என்கிறார்கள் என எழுதியிருந்தீர்கள். அந்தப் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள் அக்கா. நானும் சேலத்தில் அதே பிரிவில் படித்தவன். முதல் மாதம் முழுக்கக் கோடு போடுவதுதான் வேலை. கோட்டுக்கு 2எச் பென்சில், எழுத்துக்கு எச்பி. 3 மீட்டர் சுவர் 1:100 அளவில் தாளில் 3 சென்டிமீட்டர்தான். அது கைக்குப் பிடிபட்டதும், யார் வீட்டுக்குள் போனாலும் கண் தானாக ஜன்னலை அளக்கும்.

பன்னிரண்டு முடித்தால் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டில் சேர வழி உண்டு. கணினியில் வரைபடம் போடும் ஆட்டோகேட் மென்பொருளை அப்புறம் பழகிக்கொள்ளலாம்.

சேர்க்கும் முன் பள்ளிக்கு ஒருமுறை நேரில் போங்கள். அந்தப் பிரிவுக்கு ஆசிரியர் இருக்கிறாரா, வரைபலகையில் தூசி படிந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.